அதிக நேரம் யோசித்தவன்

அத்தியாயம் 6

"அந்தம்மா தோத்துப்போகணும்னே ஆடுது, பாஸ்," என்றான் உதவியாள் டஃபி.

கோரின் லாபோர்ட் திரும்பவில்லை. தடுப்புக் கம்பியில் முழங்கைகளை ஊன்றி, ஒரு நாற்காலியின் முதுகில் தொங்கிய நீல ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூதாட்ட ஊரான ரீனோவின் ஹெரன் விடுதியில் அவள் ஒரு காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சீட்டுப் போட்டவள். இதே ஹால், இதே பச்சை விரிப்பு. இப்போது துப்பறிகிறாள். சம்பளம் குறைவு, உட்கார நாற்காலியும் கிடையாது என்று டஃபியிடம் அவ்வப்போது சொல்வாள்.

ஜாக்கெட் மெய்ட்டே அரோஸ்பிடேயுடையது. அதன் உள்பையில் ஒரு சாவி இருந்தது. விடுதியின் பின்பக்க வண்டி நிறுத்தத்தில் நிற்கும் சிவப்பு ட்ரெய்லரின் சக்கரப் பூட்டுகளுக்கு அதுதான் சாவி. மெய்ட்டேயின் பிழைப்பு முழுவதும் அந்த ட்ரெய்லருக்குள் இருந்தது. கோடை முழுக்க அதை ஊர் ஊராக, கண்காட்சி கண்காட்சியாக இழுத்துப்போய், ரொட்டிக்குள் காரமான சொரீசோ இறைச்சி வைத்து விற்பாள். விவாகரத்தின்போது நீதிபதி ட்ரெய்லரை அவளுக்குக் கொடுத்தார். முன்னாள் கணவன் ராய்ஸ் அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை. இதற்குள் இரண்டு முறை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தான். இரண்டு முறையும் போலீஸ் வந்து, இது புருஷன் பெண்டாட்டி தகராறு, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. மலையைத் தாண்டி கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்துவிட்டால் அந்த ட்ரெய்லருக்கு வேறு நிறம், வேறு பெயர், வேறு முதலாளி.

அதனால்தான் மெய்ட்டே கோரினைத் தேடி வந்தாள். இந்தப் போக்கர் போட்டியை விட்டுக்கொடுக்கவும் மாட்டாளாம். ட்ரெய்லரை நீங்க பாருங்க, சீட்டை நான் பாத்துக்கறேன் என்றாள்.

காலையிலிருந்து டஃபிதான் பின்பக்கம் காவல் இருந்தான். மதியம் அவனுக்கு ஒரு போன் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல். ராய்ஸின் ஆள் மெய்ட்டேயின் மேஜையிலேயே உட்கார்ந்து ஆடுகிறான், சந்தர்ப்பம் பார்த்து ஜாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துவிடுவான் என்றது. பெயர் சொல்லாமல் வைத்துவிட்டது. டஃபி உள்ளே ஓடிவந்து சொன்னான். மேஜைக்கு இரண்டு பக்கம் இருந்ததால் இரண்டு ஜோடிக் கண்கள் தேவைப்பட்டன. இருவரும் உள்ளேயே நின்றுவிட்டார்கள். இந்த வழக்கின் முதல் துப்பு தன் காதுக்கு வந்ததில் டஃபிக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அந்த நெஞ்சோடுதான் அவன் பெர்னிஸ் ஹோல்ம்குவிஸ்டைச் சந்தேகித்தான். ஐம்பதைத் தாண்டியவள். மார்பில் ஆட்டுக்குட்டி பின்னிய ஸ்வெட்டர் போட்டிருந்தாள். காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டு நேராக இங்கே வந்ததாகப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே, வரிசையாக நாலாவது முறை, தன் முன்னால் குவிந்திருந்த பந்தயச் சில்லுகள் மொத்தத்தையும் மேஜை நடுவில் தள்ளினாள். கையில் வந்த சீட்டைப் பார்த்தாளா என்பதே சந்தேகம்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்திலிருந்து விலகினார்கள். பெர்னிஸ் நன்றி கண்ணு என்று சொல்லி, நடுவில் கிடந்ததையும் சேர்த்து வாரிக்கொண்டாள்.

டஃபியின் கணக்கு இதுதான். அவளுக்குச் சீக்கிரம் தோற்று எழுந்திருக்க வேண்டும். எழுந்து போகிறவள் மெய்ட்டேயின் நாற்காலியை உரசிக்கொண்டு போவாள். சாவி போய்விடும்.

"தோக்கணும்னு ஆடுறவ ஏன் ஜெயிச்சுக்கிட்டே இருக்கா?" என்றாள் கோரின்.

"அதிர்ஷ்டம், பாஸ். என்கிட்ட வராத அதிர்ஷ்டமெல்லாம் எங்கயாவது போய்ச் சேரணுமில்ல."

கோரின் அவனுக்கு விளக்கினாள். ஹாலில் மூன்று மேஜைகள், பத்தொன்பது பேர். பரிசு பதினெட்டுப் பேருக்கு. அடுத்து வெளியேறுகிற ஒரே ஒரு ஆள், இரண்டு நாள் ஆடிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். அவனுக்கு அடுத்து வெளியேறுகிறவனுக்குக்கூடப் பணம் உண்டு. ஆட்டக்காரர்கள் இந்த நேரத்தைக் குமிழி என்பார்கள். அந்த ஒரு ஆள் போனதும் குமிழி உடையும். சில்லு குறைவாக வைத்திருப்பவர்கள் நல்ல சீட்டு வந்தாலும் கவிழ்த்துவிட்டு, வேறு எவனாவது முதலில் போகட்டும் என்று காத்திருப்பார்கள். பெர்னிஸிடம் சில்லு நிறைய. அவள் தள்ளும்போதெல்லாம் எதிரில் இருப்பவன் தன் உயிரைப் பணயம் வைத்தால்தான் அவளோடு மோத முடியும். யாரும் மோதுவதில்லை.

"அவ சீட்டை வச்சு ஆடல. இவங்க பயத்தை வச்சு ஆடுறா. இந்த ஹால்லயே நல்ல ஆட்டக்காரி அந்த ஆட்டுக்குட்டிதான்."

டஃபி வருத்தத்தோடு பெர்னிஸை விடுதலை செய்தான்.

மெய்ட்டேயின் நிலைமை நேர்மாறு. அவள் முன்னால் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரே ஒரு அடுக்கு. சீட்டுப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் முறை வைத்துக் கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும். இன்னும் இரண்டு சுற்று போனால் அந்த அடுக்கு தானாகக் கரைந்துவிடும். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு, மற்ற மேஜைகளையே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு கை ஜாக்கெட்டைத் தொட்டது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், மெய்ட்டேக்குப் பின்னால் குனிந்து ஜாக்கெட்டை நாற்காலியிலிருந்து எடுத்தாள். டஃபி கம்பியைத் தாண்டிக் குதித்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அந்த ஜாக்கெட் உங்க அளவு இல்லையே மேடம் என்றான். அவள் கையிலிருந்த எண்ணெய் சீசாவைக் காட்டினாள். ஆட்டக்காரர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கழுத்துப் பிடித்துவிடுவது அவள் வேலை. எண்ணெய் படாமலிருக்க ஜாக்கெட்டை எடுத்து அடுத்த கொக்கியில் மாட்டப் போனாளாம். மேஜையில் எல்லோரும் டஃபியைப் பார்த்தார்கள். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, அவளுடைய கட்டண விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

சாவி இருக்கிறதா என்று கோரின் கேட்டாள்.

"சாவி இருக்கு. என் மானந்தான் போச்சு."

ஒலிபெருக்கி கரகரத்தது. ஹால் மேற்பார்வையாளர் லமார், இனி கைக்குக் கை என்று அறிவித்தார். அதாவது, மூன்று மேஜையிலும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு ஆட்டம். முடித்த மேஜையில் சீட்டுப் போடுகிறவர் எழுந்து நிற்க வேண்டும். மூன்று பேரும் எழுந்து நின்ற பிறகுதான் அடுத்த ஆட்டம்.

முதல் ஆட்டம் ஆரம்பித்தது. இடது மேஜையில் சீட்டுப் போட்டவர் எழுந்தார். வலது மேஜையில் எழுந்தார். சில்லு குறைந்தவர்கள் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து, மற்ற மேஜையில் யாராவது செத்தானா என்று பார்க்கப் போனார்கள். போன வேகத்தில் ஏமாந்து திரும்பினார்கள். நடு மேஜை மட்டும் இன்னும் முடியவில்லை.

நடு மேஜையில் நோலன் கீஸ் யோசித்துக்கொண்டிருந்தான்.

வெந்நீர்த் தொட்டி விற்பவன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பல்லிடுக்கில் ஒரு குச்சி. மெய்ட்டேக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். அவனிடமும் இரண்டு விரல் அடுக்குத்தான். இரண்டு சீட்டையும் நெற்றியில் ஒட்டிவைத்துப் படித்தான். கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். கடைசியில் கவிழ்த்தான். அடுத்த ஆட்டத்திலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

கோரின் ஜாக்கெட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"இவன் ஏன் இவ்வளவு யோசிக்கிறான்?"

"தெரியாதா பாஸ்? சின்ன அடுக்கு. இழுக்கறான். இவன் இழுக்கற நேரத்துல வேற மேஜைல நாலு ஆட்டம் ஓடும், எவனாவது போவான். நான் உள்ள வந்ததிலேருந்து அப்படித்தான் பண்ணிக்கிட்டிருக்கான். மெய்ட்டே அவனைப் பார்த்து ரெண்டு தடவை சிரிச்சாங்க. அவன் இழுக்க இழுக்க இவங்களுக்கும் நல்லதுதானே."

"வேற மேஜையைப் பாரு."

டஃபி பார்த்தான். இரண்டு பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆட்டக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் நின்றபடியே சாண்ட்விச் சாப்பிட்டார்.

"அங்க யாருமே ஆடல. எல்லாரும் இவனுக்காக நிக்கிறாங்க."

"அப்ப இழுத்தா என்ன லாபம்?"

டஃபி நோலனின் சின்ன அடுக்கை மறுபடி கண்ணால் அளந்தான்.

கோரின் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். அது யாருக்காகவும் நிற்காது. அது ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் கட்டாயப் பந்தயம் ஏறும். கைக்குக் கை என்று சொல்வதற்கு முன்னால் இழுத்தவனுக்கு லாபம். சொன்ன பிறகு இழுக்கிறவன் தன் அடுக்கைத் தானே கரைக்கிறான். மற்ற சின்ன அடுக்குக்காரர்கள் எல்லோரும் அறிவிப்பு வந்ததுமே வேகமாக ஆடத் தொடங்கிவிட்டார்கள். இவன் ஒருவன்தான் நிறுத்தவில்லை.

"அப்ப அவன் முட்டாள்."

"முட்டாள் இதுவரைக்கும் வரமாட்டான். இவனுக்கு நேரக்கெடு வைக்கச் சொல்லி லமாரைக் கூப்பிடற உரிமை அந்த மேஜைல எல்லாருக்கும் இருக்கு. சின்ன அடுக்குக்காரங்க ஒருத்தரும் கூப்பிடல. இவன் நமக்காக இழுக்கறான்னு பழக்கத்துல நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவன் குமிழிக்காக இழுக்கல. வேற எதுக்கோ அவனுக்கு நேரம் வேணும்."

நோலன் கண்ணாடிக்குக் கீழே தன் இடது தொடையைப் பார்த்தான். தொடைக்கடியில் கறுப்பாக ஏதோ ஒரு விளிம்பு தெரிந்தது. அடுத்து மெய்ட்டேயைப் பார்த்தான். இந்த ஹாலில் மற்ற மேஜையை ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத சின்ன அடுக்குக்காரன் அவன்தான்.

"அவன் யோசிக்கிறப்ப யாரு நகர முடியாம உக்காந்திருக்கா?" என்றாள் கோரின்.

"மெய்ட்டே."

"அவ தோத்தா நேரா எங்க போவா?"

"ட்ரெய்லருக்கு." டஃபியின் குரல் இறங்கியது.

"இன்னும் ரெண்டு பேரும் நகராம நிக்கிறாங்க, டஃபி."

அது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பூட்டை அறுக்க மெஷின் இருந்தால் சாவி எதற்கு? சாவியை எடுக்க எவனும் வரப்போவதில்லை. ட்ரெய்லரைக் காவல் காத்தவனை உள்ளே இழுக்கத்தான் அந்தப் போன். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிய ஒரு குரலை நம்பி, காவலை விட்டுவிட்டு, கழுத்துப் பிடித்துவிடுகிற பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். டஃபியின் இரண்டு காதுகளும் கொதித்தன.

பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வா, கிட்டே போகாதே என்றாள் கோரின்.

சமையலறைத் தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கதவு. டஃபி அதன் ஓரமாக ஒட்டி நின்று பார்த்தான். சிவப்பு ட்ரெய்லர் ஏற்கெனவே ஒரு லாரியோடு மாட்டப்பட்டிருந்தது. இந்தப் பக்கச் சக்கரத்தின் பூட்டு தரையில் இரண்டாகக் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தீப்பொறி பறந்தது. ராய்ஸ் முழங்காலில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய முன்கை டஃபியின் தொடையளவு இருந்தது. டஃபி சத்தமில்லாமல் வந்த வழியே ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது நடு மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. மெய்ட்டே தன் அடுக்கு முழுவதையும் நடுவில் தள்ளியிருந்தாள். காத்திருந்தால் கரையும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெர்னிஸ்கூடச் சீட்டைக் கவிழ்த்துவிட்டாள். எல்லோரும் கவிழ்த்தாயிற்று. நோலன் மட்டும் பாக்கி. அவன் மோதலாம், கவிழ்க்கலாம். இரண்டையும் செய்யாமல் யோசித்துக்கொண்டிருந்தான். மெய்ட்டே எழுந்து நின்று, கண்ணை மூடி, உதட்டை அசைத்து எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

டஃபி மூச்சு வாங்கினான். "ஒரு பூட்டு போச்சு. ரெண்டாவதை அறுத்துக்கிட்டிருக்கான். அவன் கைல அறுக்கற மெஷின் இருக்கு பாஸ். என் கைல காபிக் கூப்பன் இருக்கு."

போலீஸை ஏற்கெனவே கூப்பிட்டாயிற்று என்றாள் கோரின். வருகிறார்களாம். ஆனால் வந்து என்ன செய்வார்கள்? பின்பக்கம் கேமரா கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. சாவி தொலைந்துவிட்டது, அதனால் அறுக்கிறேன், நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பான் ராய்ஸ். மூன்றாவது முறையாகப் போலீஸ் கையைத் தட்டிவிட்டுப் போகும்.

"அப்ப என்ன பண்றது?"

"அவனைத் தேடி நாம பின்னாடி போக வேண்டாம். அவனே முன்னாடி வரட்டும்."

கோரின் லமாரிடம் போனாள். பழைய சிநேகம். ஆட்டத்தில் இருப்பவரோடு வெளியாள் பேசக் கூடாது என்பது விதி. அவள் பேசவில்லை. கையில் சீட்டு இருக்கும்போது மேஜையில் போன் வைத்திருந்தால் என்ன தண்டனை என்று லமாரை ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள். கேட்டுக்கொண்டே நோலனின் இடது தொடையைப் பார்த்தாள். லமார் அந்தப் பார்வையோடு சேர்ந்து போனார்.

நோலன் எழுந்திருக்கச் சொல்லப்பட்டான். தொடைக்கடியிலிருந்து போன் வழுக்கி நாற்காலியில் விழுந்தது. லமார் அவன் சீட்டுகளைப் பறித்துக் கவிழ்த்தார். அந்தக் கை செத்தது. மெய்ட்டே தன் சில்லுகளையும் நடுவில் கிடந்ததையும் வாரிக்கொண்டாள். பாவம் அந்த ஆள், நமக்காக எவ்வளவு இழுத்தார் என்று பக்கத்தில் சொன்னாள். எச்சரிக்கை கொடுக்க லமார் நோலனைத் தடுப்புக் கம்பிவரை கூட்டி வந்தார். போனைத் திருப்பிக் கொடுத்து, அணைத்துச் சட்டைப்பையில் போடச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கம்பியில் கோரின் இருந்தாள்.

"ராய்ஸ் எவ்வளவு தர்றேன்னான்?" என்றாள், வானிலை விசாரிப்பதுபோல.

நோலன் பல்குச்சியை எடுத்தான். யார் ராய்ஸ் என்று கேட்க ஆரம்பித்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டான். "முந்நூறு டாலர்."

"பதினெட்டாவது இடத்துக்கு எவ்வளவு?"

நோலன் சுவரிலிருந்த பரிசுப் பலகையைப் பார்த்தான். இவ்வளவு நேரம் அவன் அதைப் பார்க்கவே இல்லை என்று டஃபிக்குத் தோன்றியது. "ஆயிரத்து இருநூறு," என்றான் மெல்ல.

"முந்நூறுக்காக ஆயிரத்து இருநூறைக் கரைச்சுக்கிட்டிருக்க. நீயெல்லாம் எப்படிப்பா தொட்டி விக்கிற?" என்றான் டஃபி.

கோரின் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு விரல் அடுக்கு வச்சிருக்கவன் எதிர்ல ஒருத்தர் மொத்தத்தையும் தள்ளினா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும் நோலன். இப்ப நான் தள்றேன். நான் லமார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, அந்தப் பத்தொன்பதாவது ஆள் நீதான். இந்த ஊர்ல எந்த மேஜையும் உனக்கு நாற்காலி தராது. இல்லேன்னா நான் சொல்றதை ராய்ஸுக்கு அனுப்பு. அனுப்பிட்டுப் போய் உக்காரு."

நோலன் யோசித்தான். இம்முறை உண்மையாகவே யோசித்தான். அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. போனை எடுத்தான்.

கோரின் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். மெய்ட்டே எழுந்துட்டா. காவல்காரங்களும் அவளும் பின்கதவுக்கு வர்றாங்க. பின்பக்கத் தெருவுல போகாதே. உடனே முன்வாசல் வழியாப் போயிடு.

அனுப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான்.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. இடது மேஜையில் ஒரு பல் டாக்டர், கையில் இரண்டு ராஜாக்களோடு எல்லாவற்றையும் தள்ளினார். எதிரில் இருந்தவர் ஒரு பொடிச் சீட்டோடு மோதினார். கடைசிச் சீட்டு பொடிச் சீட்டுக்காரருக்குத் துணையாக விழுந்தது. பல் டாக்டர் சற்று நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். குமிழி உடைந்தது. லமார் பதினெட்டுப் பேருக்கும் வாழ்த்துச் சொன்னார். ஹால் முழுக்கக் கைதட்டல். மெய்ட்டே யாரோ முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நோலனும் தட்டினான், ஒரு கையில் தொப்பி இருந்ததால் சத்தம் வரவில்லை.

அந்தக் கைதட்டலுக்கு மேலே ஒரு கிறீச்சிடல் கேட்டது. ஆணியால் சிலேட்டைக் கீறுவதுபோல, நீளமாக, நிற்காமல். முன்வாசல் பக்கமிருந்து வந்தது.

டஃபியும் கோரினும் கண்ணாடிக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். மலைக்காற்று முகத்தில் அறைந்தது. ராய்ஸ் வந்துகொண்டிருந்தான். பூட்டை அறுத்து முடிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ட்ரெய்லரின் ஒரு சக்கரம் உருண்டது. மறு சக்கரம் பாதி அறுந்த பூட்டோடு உருள மறுத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பின்னால் கறுப்புக் கோடு. ரப்பர் கருகும் புகை. வாசலுக்கு நேர் குறுக்கே சாக்ரமென்ட்டோவிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாப் பேருந்து நின்றது. ஒரு பேருந்து நிறைய ஓய்வு பெற்றவர்கள் கைத்தடியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேருந்து எப்போது வரும் என்பது இங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

ராய்ஸ் நிறுத்தினான். முன்னால் பேருந்து. பின்னால் இரண்டு டாக்ஸி. தலைக்கு மேலே வரிசையாகக் கேமராக்கள். இறங்கியவர்கள் தங்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். இதுவும் சுற்றுலாவில் சேர்த்தியா என்று ஒரு தாத்தா ஓட்டுநரைக் கேட்டார்.

போலீஸ் கார் வந்தபோது ராய்ஸ் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தான். தன் சொந்த ட்ரெய்லர்தான், சாவி தொலைந்துவிட்டது, வேறொன்றுமில்லை, வீட்டுத் தகராறு என்றான்.

போலீஸ்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தரையில் டயர் இழுத்த கறுப்புத் தடத்தைப் பார்த்தார்.

"சாவி தொலைச்சவன் பூட்டு திறக்கறவனைக் கூப்பிடுவான்," என்றார். "சொந்த வண்டியோட டயரைக் கருக்கிக்கிட்டு ஓடமாட்டான். கீழ இறங்கு."

ராய்ஸ் இறங்கினான்.

டஃபிக்கு ஒரு சந்தேகம் மனத்தை அரித்தது. லமார் உண்மையிலேயே நோலனை வெளியே அனுப்பியிருப்பாரா என்று கேட்டான்.

"எச்சரிக்கைக்கு மேல எதுவும் பண்ணமாட்டார். விதி அவ்வளவுதான்."

"அப்ப நீங்க தள்ளினது?"

"என் கைல ஒரு சீட்டும் இல்ல."

டஃபி தன் தொப்பியைக் கழற்றி அவளுக்கு மரியாதை செய்தான்.

மெய்ட்டே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே மூச்சிரைக்க ஓடிவந்தாள். ட்ரெய்லரை, கருகிய டயரை, போலீஸ் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். சிவப்புத் தகரத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள். கோரின் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். நோலன் பெயர் வந்ததும் மெய்ட்டேயின் முகம் மாறியது.

"அந்த ஆள் எனக்காக இழுக்கறார்னு நெனச்சேனே. ஜெயிச்சா அவருக்கு ஒரு பாட்டில் வாங்கித் தரணும்னு இருந்தேன்."

அவர் உன் மேஜையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்றாள் கோரின். அடுக்கு ரொம்பச் சின்னது.

மெய்ட்டே ஜாக்கெட்டின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டாள். உள்ளேயிருந்து லமாரின் குரல் அவளைக் கூப்பிட்டது, கட்டாயப் பந்தயம் அவள் முறை. படம் எடுத்து முடிக்கும்வரை ட்ரெய்லரை ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். அவள் ட்ரெய்லரின் கதவுச் சாவியை டஃபியின் கையில் திணித்தாள். இதை விட்டு நகரவே கூடாது என்றாள். டஃபி, இந்தத் தடவை அமெரிக்க ஜனாதிபதியே போன் பண்ணினாலும் நகரமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவள் உள்ளே ஓடினாள். ஓடிய வேகத்தைப் பார்த்தால் நோலனுக்கு நல்லதாகத் தெரியவில்லை.

டஃபி ட்ரெய்லருக்குள் ஏறி உட்கார்ந்தான். வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தான். பேருந்திலிருந்து இறங்கியவர்கள், ட்ரெய்லரின் பக்கவாட்டில் எழுதியிருந்த விலைப்பட்டியலைப் படித்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டியிருந்தார்கள். வரிசையில் முதல் ஆளாகக் கோரின் நின்றாள்.

"ரெண்டு," என்றாள். "காரம் தூக்கலா."

டஃபி அடுப்பைப் பார்த்தான். அடுப்பு அவனைப் பார்த்தது. "பாஸ், எனக்கு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது."

"தெரிஞ்ச மாதிரி நில்லு," என்றாள் கோரின். "வரிசைல ஒருத்தரும் கலைய மாட்டாங்க."

அவன் விற்பனை ஜன்னலைத் தூக்கி நிறுத்தினான்.